வெதுவெதுப்பான கடல்நீரில் மின்சாரம்

அனல் மின் நிலையத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சுழலியைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். கொதிக்காத கடல்நீரிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அது எவ்வாறு என்று காண்போம்.

மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் நீரே சக்கரத்தைச் சுழற்றும். தேங்கிய நீர் சுழற்றாது. வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதே அது வேலை செய்யும். நமது வெப்ப மண்டலக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 28° செல்சியஸ். ஆயிரம் மீட்டர் ஆழத்திலோ ஏறத்தாழ 7° தான்.

சாதாரண அழுத்தத்தில் அம்மோனியா –33° செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே மேற்பரப்பு நீரின் வெதுவெதுப்பே அதை ஆவியாக்கப் போதும். அந்த ஆவி சுழலியைச் சுழற்றும். பின்னர் ஆழ்கடலின் குளிர்நீர் ஆவியை மீண்டும் திரவமாக்கும். இச்சுற்று இரவும் பகலும் நடக்கும். நிலக்கரி வேண்டாம், புகையும் இல்லை.

ஆனால் வெப்ப வேறுபாடு சிறிதாகையால் பயனும் சிறிதே. கார்னோ விதிப்படி, பெறும் வெப்பத்தில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் வேலையாக மாறாது. அதிலும் பம்புகளுக்கு ஒரு பகுதி போய்விடும். எனவே ஏராளமான நீரை இறைக்க வேண்டும். நீண்ட, அகன்ற குழாய் வேண்டும்.

நம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கழகம், தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள கடலில் 1 மெகாவாட் மின் நிலையம் ஒன்றை மிதவைக் கலத்தில் அமைக்க முயன்றது. அக்கலத்தின் பெயர் ‘சாகர் சக்தி’. ஆழ்கடலில் குளிர்நீர்க் குழாயை இறக்கி நிறுத்த முடியாமற்போகவே, அம்முயற்சி நிறைவேறவில்லை.

எனினும் உழைப்பு வீணாகவில்லை. அதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு, 2005ஆம் ஆண்டு இலட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை இக்கழகம் அமைத்தது. காற்றழுத்தம் குறைந்த அறையில் வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகிறது. ஆழ்கடல் குளிர்நீரால் அந்த ஆவி நன்னீராகிறது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த தீவு மக்களுக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

இறைவன் படைத்த கடலில், சிறு வெப்ப வேறுபாடும் பயனுள்ளதே. அதைப் பயன்படுத்தும் அறிவையும், முதல் முயற்சி தவறினாலும் தளராத மனத்தையும் மாணவியராகிய நாம் வளர்த்துக்கொள்வோமாக.