வாளியைத் தூக்கினால் வீட்டு ஆள்

மெல்பர்னில் வந்து இறங்கிய மூன்றாவது வாரம், தபால்பெட்டியில் கவுன்சிலின் அட்டை ஒன்று கிடந்தது. பக்கத்துப் பூங்காவில் ‘கேரல்ஸ் பை கேண்டில்லைட்’, அனுமதி இலவசம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் இருட்டிய பிறகுதானே? மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, எட்டேகாலுக்கு ஆற அமரப் போய்ச் சேர்ந்தோம். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் இங்கே சூரியன் மறையவே எட்டரைக்கு மேல் ஆகும் என்பது அன்றுதான் உறைத்தது. புல்வெளி முழுக்கப் பாயும் மடக்கு நாற்காலியும். ஐந்து மணிக்கே வந்து விரித்துவிட்டார்களாம். திருவிழாக் கச்சேரிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் ஊர் வித்தைதான்.

ஓரமாக நின்று பார்த்தோம். ஒன்பது மணிக்குத் தெற்கிலிருந்து காற்று திரும்பியது. பகலெல்லாம் அனலாய்க் கொதித்த ஊர் பத்தே நிமிடத்தில் குளிர்ந்துவிட்டது. நடுங்கிய மகளுக்கு, முன்னால் பாயில் இருந்த பாட்டி ஒரு போர்வையை நீட்டினார். எந்த மாதமானாலும் வண்டியில் ஸ்வெட்டர் இருக்கட்டும் என்பது மெல்பர்ன் சொல்லித் தந்த முதல் பாடம்.

வீடு திரும்பும்போது கணவர் சொன்னார்: “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா யாரோ தெரியாதவங்க கல்யாணத்துல உட்கார்ந்துட்டு வந்த மாதிரி இருக்கு.”

சரியாகத்தான் சொன்னார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் விருந்தாளி. சாம்பார் வாளியைத் தூக்கினால் வீட்டு ஆள். இந்த ஊர் விழாக்களுக்கும் அதே கணக்குதான் என்று புரிய எங்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன.

ஒரு தட்டு என்றால் ஒரு தட்டு

மகளின் வகுப்பு ஆண்டிறுதி விருந்துக்கு ‘பிரிங் எ ப்ளேட்’, அதாவது பகிர்ந்துண்ண ஒரு பதார்த்தம் கொண்டு வாருங்கள் என்று அழைப்பு வந்தது. வெறும் தட்டோடு போய் அசடு வழிந்தவர்களின் கதையை ஏற்கெனவே கேட்டிருந்ததால், நான் எதிர்த்திசையில் சறுக்கினேன். நாற்பது பேருக்குப் புளியோதரை கிளறி, வேர்க்கடலையைத் தாராளமாக வறுத்துப் போட்டு, குண்டானோடு போய் இறங்கினேன்.

ஆசிரியை அருகில் வந்து மெல்லக் கேட்டார்: “இதில் கடலை இருக்கிறதா?” வகுப்பில் ஒரு பையனுக்குக் கடலை ஒவ்வாமை. ஆளைச் சாய்க்கிற அளவுக்கு. குண்டான் திறக்கப்படாமலே வண்டிக்குத் திரும்பியது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் புளியோதரைதான்.

இப்போது எந்தப் பதார்த்தம் கொண்டுபோனாலும் சின்ன அட்டையில் சேர்மானத்தை எழுதிச் செருகிவிடுகிறேன். கடலை, முந்திரியோடு பால், கோதுமை, எள்ளையும் குறிப்பிட வேண்டும். நல்லெண்ணெயில் தாளித்தாலும் எள்தான் என்பது நமக்கே மறந்துபோகும். அளவும் குறைவாகப் போதும். எட்டுப் பேர் ருசி பார்த்தால் நிறைவு.

வெங்காயப் பொறுப்பு

2022 மே 21, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல். இங்கே ஓட்டுப்போடுவது கட்டாயம். 1924இல் கொண்டுவந்த சட்டம். பெரும்பாலும் பள்ளிகளே வாக்குச்சாவடி. வாசலில் பெற்றோர் அடுப்பு வைத்து, ரொட்டித் துண்டில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டுவார்கள். ‘டெமாக்ரசி சாசேஜ்’ என்ற அதன் பெயர், 2016இல் இந்த நாட்டு அகராதி மையம் ஒன்று தேர்ந்தெடுத்த ‘ஆண்டின் சொல்’.

ஒரு மணி நேரம் உதவ ஆள் தேவை என்று பள்ளிச் செய்திமடலில் வந்திருந்தது. நிரந்தரவாசி என்றாலும் நான் குடிமகள் இல்லை. எனக்கு ஓட்டு இல்லை. போதாக்குறைக்கு சைவம். ஆனாலும் பெயர் கொடுத்தேன். “சாசேஜைத் தொட மாட்டேன், வெங்காயத்தைக் கொடுங்கள்” என்றேன். மறுபேச்சில்லாமல் இடுக்கி என் கைக்கு வந்தது.

தகட்டு அடுப்பில் வெங்காயம் வதங்க மறுத்து விளிம்பில் கருகிக்கொண்டிருந்தது. அம்மா செய்வதுபோல ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பிரட்டினேன். இரண்டே நிமிடத்தில் நீர் விட்டுக் கண்ணாடியாகச் சுருண்டு, பொன்னிறத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் எட்டிப் பார்த்து, “இது என்ன தந்திரம்?” என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டவள் மூன்று மணி நேரம் நின்றேன். மறுவாரம் சூப்பர்மார்க்கெட்டில் முகம் தெரியாத ஒருவர் “ஹலோ, ஆனியன் லேடி!” என்று கையசைத்தார். அன்று முதல் அது எங்கள் ஊரானது.

இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. சைவர்கள் தனித் தகடும் தனி இடுக்கியும் கேட்கத் தயங்க வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைகளோடு பழகும் தன்னார்வ வேலைகளுக்கு ‘வொர்க்கிங் வித் சில்ட்ரன்’ அனுமதி கேட்பார்கள். எங்கள் மாநிலமான விக்டோரியாவில் தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

கையுறையும் மௌனமும்

மார்ச் முதல் ஞாயிறு ‘க்ளீன் அப் ஆஸ்திரேலியா’ நாள். இயன் கீர்னன் என்ற படகோட்டி 1989இல் சிட்னித் துறைமுகத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியது, மறு ஆண்டே நாடெங்கும் பரவியது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துப் போனோம். “நம்ம கூடத்தைவிடச் சுத்தமா இருக்கு, இதுல என்னத்தடி பொறுக்குறது?” என்றவர், ஓடைக்கரைப் புல்லை விலக்கியதும் குனிந்த தலை நிமிரவில்லை. மூடிகள், சிகரெட் துண்டுகள், பொம்மைக் கால். மொழி தெரியாத பெற்றோரை அழைத்துப்போக இதைவிடத் தோதான நிகழ்ச்சி வேறில்லை. கை வேலைக்கு மொழி எதற்கு?

ஏப்ரல் 25 ஆன்சாக் தினம் வேறு வகை. 1915இல் போரிடக் கலிப்போலிக் கரையில் தரையிறங்கிய இந்த நாட்டு வீரர்களை நினைத்து, விடியும் முன் இருட்டில் கூடி நிற்பார்கள். அங்கே கைதட்டக்கூடாது, குழந்தைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. வீடு வந்து ஓட்ஸும் கோல்டன் சிரப்பும் சேர்த்து ஆன்சாக் பிஸ்கட் சுடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. முட்டை கிடையாது, நமக்குத் தோது.

பொங்கலோ பொங்கல்

எதிர்வீட்டுத் தாத்தா, நாட்டுப்புறத் தீயணைப்புப் படையான சி.எஃப்.ஏ.வில் தன்னார்வலர். டிசம்பரில் சிவப்புத் தீயணைப்பு வண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றிக்கொண்டு, சங்கு ஊதித் தெருத்தெருவாக மிட்டாய் தருகிறவர். ஒரு தைப்பொங்கலுக்குக் கொல்லையில் செங்கல் கூட்டி விறகு அடுக்கினோம். அவர் வேலியோரம் வந்து தலையாட்டினார்: “இன்று டோட்டல் ஃபயர் பான். மூட்டவே கூடாது.” கோடைப் பொங்கலில் பஞ்சாங்கத்தோடு தீத்தடை அறிவிப்பையும் பார்த்தாக வேண்டும்.

அடுப்பு சமையலறைக்குப் போனது. அவரையும் உள்ளே அழைத்தோம். இங்கே சூரியன் வட வானத்தில். பகலும் குறையத் தொடங்கியிருந்தது. வீடியோவில் இருந்த அம்மாவிடம், “உங்க பக்கம் வர்ற சூரியனை இங்கிருந்து வழியனுப்பி வைக்கிறோம்மா” என்றேன். வந்தவரைச் சும்மா உட்கார வைக்கலாமா? ஏலக்காயைத் தட்டக் கொடுத்தேன்.

பால் நுரைத்து ஏறியது. விளிம்பைத் தாண்டியதும் நாங்கள் குரல் எடுப்பதற்குள், தாத்தா பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார். நாற்பது வருடப் பழக்கம். சிரித்து ஓய்ந்து, விளக்கிச் சொல்லி, மறுபடி பற்றவைத்தோம். இரண்டாம் முறை பொங்கியபோது, அந்த வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவியவர் அவர்தான்.