காய்ச்சலும் பாய்ச்சலும்
சிறுபோக நெற்செய்கையில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை

வரண்ட வலயத்துக் கமக்காரருக்குக் குளமே வங்கியாகும். பெரும்போக மழை குளத்தை நிரப்பினால் சிறுபோகம் உண்டு. நிரப்பாவிடின் வயலின் ஒரு பகுதியே விதைக்கப்படும். அண்மைக் காலத்தில் மழை தவணை தப்பிப் பெய்வதும், சில நாட்களிற் கொட்டித் தீர்த்துப் பின் நெடுநாள் ஒளிந்துகொள்வதும் கமக்காரர் யாவரும் கண்டவையே. ஆகையால் உள்ள நீரைக்கொண்டு கூடிய நிலத்தை விளைவிக்கும் வழியை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

காலநிலை மாறுவது ஏன்?

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு பெருகி வருகின்றது. 1958 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் இதனைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு வளியில் இவ்வாயு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேற விடாது தடுக்கின்றது.

வெப்பம் மிகுதல் நெல்லுக்குக் கேடாகும். பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற் சென்றால் மகரந்தம் பழுதடைந்து பதர் மிகும். இரவு வெப்பமும் தீங்கு செய்யும். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களைக்கொண்டு செய்யப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வொன்றில், வறட்சிப் பருவத்து இரவு வெப்பநிலை ஒரு பாகை உயர, விளைச்சல் நூற்றுக்குப் பத்து அளவிற் குறைந்தமை காணப்பட்டது.

நெல்வயலின் பங்கு

எந்நேரமும் நீர் நிற்கும் வயல்மண்ணில் ஒட்சிசன் புகுவதில்லை. அம்மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் மக்கும் வைக்கோலையும் வேர்களையும் உண்டு மெதேன் என்னும் வாயுவை உண்டாக்கும். இவ்வாயு பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியே வெளியேறுகின்றது. நூறாண்டுக் கணக்கில், ஒரே நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட இது ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலுடையது. மண் இடைக்கிடை காற்றைப் பெறுமாயின் அந்நுண்ணுயிர்களின் வேலை தடைப்படும். எனவே நீரைச் சேமிக்கும் முறையே மெதேனையும் குறைக்கின்றது.

குழாய் வைக்கும் விதம்

நெல் நீரிலேயே நிற்கவேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் மேற்பரப்பில் நீர் வற்றிய பின்னரும் வேரடியில் ஈரம் இருக்கும். அதனை அறிய ஒரு குழாய் போதும்.

1. ஓர் அடி (30 சதமமீற்றர்) நீளமும் நான்கு முதல் ஆறு அங்குல விட்டமும் உள்ள பிளாத்திக்குக் குழாயையோ மூங்கிற் குழாயையோ எடுத்து, அதன் கீழ்ப்பாதியிற் சுற்றிலும் சிறு துளைகள் இடுக.

2. வரம்புக்கு அண்மையில், மேடும் பள்ளமும் அல்லாத இடத்தில், கீழ்ப்பாதி மண்ணுள் இருக்குமாறு குழாயை நாட்டுக. உள்ளிருக்கும் மண்ணை அகற்றுக. உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையாயின் துளைகள் அடைபட்டுள்ளன என அறிக.

நீர் பாய்ச்சும் விதம்

நாற்று நட்டு ஒன்று அல்லது இரண்டு வாரங்களின் பின் இம்முறையைத் தொடங்கலாம். களை மிகுந்த வயலில் மேலும் இரண்டொரு வாரம் நீரைத் தேக்கிக் களையை அடக்கிய பின் தொடங்குதல் நன்று. வயலில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சி, பின் வற்றவிடுக. குழாயினுள் நீர் மண்மட்டத்துக்குக் கீழ் 15 சதமமீற்றர், அதாவது ஆறு அங்குலம் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சுக. இவ்வெல்லையைக் கடக்கவிடாவிட்டால் விளைச்சல் குறையாது.

பூப்பதற்கு ஒரு வாரம் முன்தொடங்கிப் பூத்து ஒரு வாரம் வரை இரண்டு அங்குல நீர் நிற்றல் அவசியம். இக்காலத்திற் பயிரைக் காயவிட்டால் மணி பிடிக்காது. யூரியாவை நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன்னர், நீர் வற்றிய மண்ணில் இடுதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இடலாகாது.

கவனிக்க வேண்டியவை

உவர் ஏறிய வயல்களில் மண் காயும்போது உப்பு மேலெழும். அங்கு இம்முறை பொருந்தாது. வேண்டிய நாளில் வாய்க்காலில் நீர் வரும் என்னும் உறுதியில்லாத இடத்திலும் இது ஆபத்தானது. ஆகவே போகத் தொடக்கக் கூட்டத்திலேயே நீர் விடும் முறைநாட்களைக் கமக்காரர் அனைவரும் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.

இம்முறையினால் நூற்றுக்கு முப்பது வரையான பாசன நீரை மிச்சப்படுத்தலாம். மதகடி வயல்களில் மிச்சமாகும் நீர் கடைவாய்க்கால் வயலுக்குச் சென்றால், அங்குள்ள கமக்காரரின் கதிரும் முற்றும். முதலில் ஒரு வயற்றுண்டில் மட்டும் செய்து பார்த்து, பயனைக் கண்டபின் ஏனையவற்றுக்கு விரிவாக்குவது சாலச் சிறந்தது. ஐயங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.