செக்ரோலிலிருந்து மேகத்திற்கு: தோட்டப் பள்ளிக்கு ஓர் இணையப் பதிவேடு

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ், சிலியாவ் என்று எந்தப் பக்கம் போனாலும், "இங்கேதான் எங்கள் லயம் இருந்தது" என்று செம்பனை மரங்களுக்கிடையே கையைக் காட்டும் ஒருவரைக் காணலாம். ரப்பர் செம்பனையாக மாறியது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிரம்பான், நீலாய், கிள்ளான் என்று சிதறினர். பல இடங்களில் தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில்தான் எஞ்சியிருக்கிறது. அப்பள்ளியில் படித்தவர்களை மீண்டும் ஒன்றுதிரட்ட ஒரு பதிவேடு வேண்டுமானால், அதை இணையச் செயலியாகவே அமைத்துவிடலாம். கணினித் துறை மாணவர்கள் மட்டுமல்ல, தமிழியல் மாணவர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது.

முதலில் 'மேகம்' என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள்; செக்ரோல் புத்தகமோ ஆபீசில் கிராணியின் மேசையில் இருக்கும். நம் கைத்தொலைபேசியில் தெரியும் பக்கம் பெரட்டுக் களம் போன்றது. தரவுத்தளம் அந்தச் செக்ரோல். ஆபீஸ் நமக்குச் சொந்தமில்லை. வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் நமக்கு ஓர் இடம் தருகிறார்கள், அவ்வளவுதான். 2011-இல் தொடங்கப்பட்டு, 2014-இல் கூகுள் வாங்கிய ஃபயர்பேஸ் இத்தகைய சேவைகளுள் ஒன்று. சிறிய அளவிலான பயன்பாட்டிற்குக் கட்டணமில்லை என்பதால் மாணவர்களுக்கு ஏற்றது.

அமைப்பது கடினமன்று. ஃபயர்பேஸ் தளத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும். அப்போது இடத்தைக் கேட்கும். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள், நமக்கு மிக அருகில் உள்ளது. பின்னர் இதனை மாற்ற இயலாது. அடுத்து, உங்கள் கணினியில் நோட் ஜேஎஸ் நிறுவி, ஃபயர்பேஸ் கருவியைச் சேர்த்து, 'ஃபயர்பேஸ் லாகின்', 'ஃபயர்பேஸ் இனிட்', 'ஃபயர்பேஸ் டிப்ளாய்' ஆகிய மூன்று கட்டளைகளைத் தட்டினால் உங்கள் பக்கம் உலகுக்கே தெரியும். ஒரு மாலைப் பொழுது போதும்.

உலகுக்கே தெரியும் என்பதுதான் சிக்கல். தரவுத்தளத்தை உருவாக்கும்போது 'டெஸ்ட் மோட்' என்றொரு வழி காட்டப்படும். அதைத் தேர்ந்தெடுத்தால் 30 நாட்களுக்கு எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கவும் செய்யலாம். இணையத்தில் உள்ள பயிற்சிகளில் பல இதனையே பயன்படுத்துகின்றன. கற்றுக்கொள்ள அது சரி. உண்மையான மனிதர்களின் பெயர்களை அதில் இடக்கூடாது. செயலியின் நிரலில் காணப்படும் 'ஏபிஐ சாவி'யை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகின்றனர். அச்சாவி திட்டத்தின் அடையாளம் மட்டுமே. உலாவியில் எவர் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். உண்மையான பூட்டு, பாதுகாப்பு விதிகள் எழுதப்படும் கோப்பில்தான் உள்ளது.

இவ்விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபயர்ஸ்டோரில் ஓர் ஆவணத்தைப் படிக்க ஒருவரை அனுமதித்தால், அதிலுள்ள அனைத்தையும் அவர் படிக்கலாம். பெயரைக் காட்டி, தொலைபேசி எண்ணை மட்டும் மறைக்க முடியாது. பக்கத்தில் எண் தெரியாவிட்டாலும் தரவு உலாவிக்கு வந்து சேர்ந்துவிடும். ஆகவே பெயர், படித்த ஆண்டு, தோட்டப் பிரிவு ஆகியவை ஓர் ஆவணத்திலும், தொலைபேசி எண்ணும் முகவரியும் வேறொன்றிலும் இருக்க வேண்டும். இரண்டாவதை உரியவரும் நிர்வாகியும் மட்டுமே திறக்கலாம் என்று விதி எழுதுங்கள்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம். அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், நெகிரி செம்பிலானுக்கு 05. தோட்டக் குடும்பங்களில் சிவப்பு அட்டையோடு வாழ்பவர்களும், பிறப்புப் பத்திரமே இல்லாமல் அலைபவர்களும் உள்ளனர். பழைய நண்பர்களைச் சந்திக்கத் தன் பெயரைத் தந்த ஒருவரின் குடியுரிமை நிலை ஊருக்குத் தெரியவேண்டிய அவசியம் என்ன? படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையென்றால் கசிவதற்கும் ஒன்றுமில்லை.

இலவச வரம்பையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஃபயர்ஸ்டோரில் ஒரு நாளைக்கு 50,000 ஆவணங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். 400 பெயர்கள் 400 ஆவணங்களாக இருந்தால், பட்டியல் 125 முறை திறக்கப்பட்டதும் வரம்பு முடிந்துவிடும். தீபாவளி இரவில் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது! வரம்பு புதுப்பிக்கப்படுவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது மறுநாள் பிற்பகல். பெயர்ப் பட்டியலை மட்டும் ஒரே ஆவணமாகத் தொகுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு வாசிப்புதான். ஓர் ஆவணம் ஒரு மெகாபைட் அளவுவரை கொள்ளும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்றாலும் 400 பேருக்கு இடம் தாராளம்.

தமிழ்ப் பெயர்களுக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஃபயர்ஸ்டோர் ஒருங்குறி எண்களின்படி வரிசைப்படுத்தும். அங்கே ன, ந-வை அடுத்து நிற்கிறது. எனவே கன்னியப்பன் கமலாவுக்கு முன்னே வந்துவிடுவார். நம் நெடுங்கணக்கின்படி அவர் பின்னே வரவேண்டும். உலாவியிலுள்ள 'இன்டல் கொலேட்டர்' வசதியைத் தமிழுக்கு அமைத்து அடுக்கினால் வரிசை சரியாகும். 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடும்போது வெவ்வேறு. சேமிக்கும் முன் 'நார்மலைஸ்' செய்தால் கொழுந்தாயி காணாமல் போகமாட்டார். அட்டையில் உள்ள ரோமன் எழுத்துப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே முனியாண்டியை அண்ணனுக்கு ஒருவிதமாகவும் தம்பிக்கு ஒருவிதமாகவும் எழுதிய பத்திரங்கள் நம் வீடுகளில் ஏராளம்.

வெளியிடும் முன், கணக்கில் நுழையாமல் வேறோர் உலாவியில் திறந்துபாருங்கள். எண்கள் தெரிந்தால் இணைப்பை எவருக்கும் அனுப்ப வேண்டாம். பெரியவர்கள் பலருக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை. பேரப்பிள்ளைகள் பதிந்து தரட்டும், ஆனால் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று. திட்டத்தின் உரிமையாளராகக் குறைந்தது இருவரைச் சேருங்கள். ஒருவர் தோட்டத்தோடு தொடர்புள்ள முன்னாள் மாணவராக இருந்தால் நல்லது. இருவருமே சொந்த மின்னஞ்சலைத் தரவேண்டும். பல்கலைக்கழக முகவரி பட்டமளிப்புக்குப் பின் மூடப்பட்டால், செக்ரோல் அறையின் சாவியும் அதனோடு போய்விடும்.