"எனக்குப் பென்சிலின் சேராதுங்க"

டிஸ்பென்சரி வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "என்னம்மா செஞ்சிச்சு?" என்று டொக்டரையா திருப்பிக் கேட்டால், ஒருவர், "ஞாபகம் இல்லீங்க, சின்ன வயசுல மேலெல்லாம் பொரிப்பொரியா வந்திச்சின்னு அம்மா சொல்லுவாங்க" என்பார். இன்னொருவர், "ரெண்டு குளிசை போட்டதும் வயித்தால போச்சுங்க" என்பார். மூன்றாமவர், "ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி, மூச்சு எடுக்க முடியாம, வாட்டுல வச்சிட்டாங்க" என்பார். மூவர் வாயிலும் வருவது 'சேராது' என்ற ஒரே சொல்தான். ஆனால் மூவர் கதையும் வேறு வேறு.

மூன்றாமவருக்கு வந்தது ஒவ்வாமை. மருந்து உள்ளே போன சில நிமிடங்களில், அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள், தடிப்புத் தடிப்பாக அரிப்பு, முகவீக்கம், இழுப்பு, மயக்கம் என்று வரும். இவர் பென்சிலின் பக்கமே போகக்கூடாது. இரண்டாமவருக்கு வந்தது மருந்தின் பக்கவிளைவு, ஒவ்வாமை அல்ல. முதலாமவர் கதைதான் நம்மிடையே அதிகம். பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் பொரிகள் பல, காய்ச்சலாலேயே வருபவை. பழி மருந்தின்மேல் விழுந்துவிடுகிறது.

பென்சிலின் சேராது என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்த நாடுகளில், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது சேர்ந்தே இருக்கிறது. மெய்யாகவே ஒவ்வாமை இருந்தவர்களிலும் பத்து வருடம் அந்த மருந்து படாமல் இருந்தால் பத்துக்கு எட்டுப் பேருக்கு அது மறைந்துவிடுகிறது. அதற்காக வீட்டில் ஒரு குளிசையை விழுங்கிப் பார்த்துவிடாதீர்கள்! அது பெரிய ஆஸ்பத்திரியில், டொக்டரின் கண்ணெதிரே செய்யவேண்டிய சோதனை. மருந்து எடுத்துச் சில நாள் கழித்து வாயிலும் கண்ணிலும் புண் வந்து தோல் உரிந்தவர்களோ, அந்தச் சோதனையும் செய்யக்கூடாது.

'இல்லாத ஒவ்வாமையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும், வேறு மருந்து தருவார்கள்தானே' என்று கேட்கலாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. காணிலும் வயலிலும் சேற்றில் கால் வைக்கிற நமக்கு அது தூரத்து நோயல்ல. ஆரம்பத்தில் டொக்சிசைக்கிளின் குளிசை போதும். முற்றிச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடித்துவிட்டால் நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது பென்சிலின் ஊசி. அதேபோல், தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டு, வாதக் காய்ச்சல் வந்து, இருதயம் பழுதான பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருடக்கணக்கில் போடுவதும் பென்சிலின்தான். மெய்யாக ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எரித்ரோமைசின் குளிசை கொடுக்கலாம். ஆனால் தினமும் இரண்டு வேளை, வருடக்கணக்கில்! எத்தனை வீட்டில் மறக்காமல் கொடுப்பார்கள்?

சரி, மெய்யாகவே ஒவ்வாமை உள்ளவர் எதைத் தவிர்ப்பது? அமொக்சிசிலின், அம்பிசிலின், குளொக்சசிலின், புளுகுளொக்சசிலின். 'சிலின்' என்று முடிவதெல்லாம் ஒரே குடும்பம். கோ-அமொக்சிகிளாவ் அந்த வால் இல்லாமல் வந்தாலும் அதே வீட்டுப் பிள்ளை. கடையில் 'ஓக்மென்டின்' என்று கம்பனிப் பெயரில் வரும்போது யாருக்குத் தெரியும்? பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுதவேண்டும் என்று பாடுபட்டார். விலை குறையவே அதைச் செய்தார். ஒவ்வாமைக்காரருக்கு அது உயிர்க்காவலும்கூட. ஆகவே மருந்து வாங்கும்போது சொந்தப் பெயரைக் கேளுங்கள்.

எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வேறு குடும்பம். தொண்டை, சளி, தோல் புண்களுக்கு டொக்டர் பெரும்பாலும் இவற்றையே மாற்றாகத் தருவார். டொக்சிசைக்கிளினும் வேறுதான், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. மெட்ரோனிடசோல் பல்வீக்கத்துக்கும் வயிற்றுக்கும் உதவும். (அதை எடுக்கும் நாட்களில் கசிப்புப் பக்கம் தலைவைக்க வேண்டாம், வாந்தி பிடுங்கி எடுத்துவிடும்.)

செபலெக்சின், செப்ட்ரயக்சோன் முதலியவை பென்சிலினுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ள நூறு பேரில் பத்துப் பேருக்கு இவையும் ஒத்துவராது என்று முன்பு எழுதினார்கள். இன்றைய கணக்கு சுமார் இரண்டு பேர். அமொக்சிசிலின் சேராதவருக்குச் செபலெக்சினில் கூடுதல் கவனம் வேண்டும். செப்ட்ரயக்சோனில் அந்த ஆபத்துக் குறைவு. 2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் செப்ட்ரயக்சோன் ஏற்றிய பின் ஓர் இளம்பெண் இறந்தபோது, நாடு முழுக்க ஊசி என்றாலே பயம் வந்தது. பயந்து ஊசியை மறுத்து வீட்டுக்கு வருவது இன்னும் ஆபத்து. எந்த மருந்து முன்பு என்ன செய்தது என்று ஊசி போடுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மருந்து எடுத்ததும் மூச்சு இழுத்தால், மயங்கினால், ஆளை நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். பிரிட்டன் குளிசை அரிப்பைத்தான் குறைக்கும். உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே டிஸ்பென்சரிக்குச் சொல்லி, 1990 இலக்கத்துக்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஸ்கூல் பிள்ளையிடம் கொடுங்கள்: 'அமொக்சிசிலின். 2019. இரண்டாவது குளிசை. அரை மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்.' பிள்ளைக்கு இருந்தால் பிள்ளைக் காம்பராவிலும் சொல்லிவையுங்கள். யட்டியாந்தோட்டைக்குப் போனாலும் கரவனல்லைக்குப் போனாலும் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.