அனைவர்க்கும் எட்டும் சுகாதாரச் செய்தி
ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே பெற்ற அனுபவம்

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் அந்நோய் விரைவில் ஒழிந்துவிடும் என்று பலர் கருதுவதுண்டு. ஆயின் அனுபவம் காட்டும் உண்மை வேறு. ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து மருத்துவ நிலையத்தை வந்தடைவது பாதி வழியே ஆகும். அதனை எதற்காக, எப்பொழுது, எத்தனை காலம் கொள்ள வேண்டும் என்னும் அறிவு நோயாளியின் வீட்டு வாயிலை எட்டினாலன்றி மீதி வழி கடக்கப்படுவதில்லை. ஆஸ்திரேலிய நாட்டின் பழங்குடி மக்களைப் பொறுத்த வரையில் இந்த மீதி வழி மிக நீண்டதாக இருந்து வந்துள்ளது. அதனைச் சுருக்கும் பொருட்டு இணையத்தின் வாயிலாக அங்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும், அவற்றிலிருந்து களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளத் தக்கவற்றையும் எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நாடும் மக்களும்

ஆஸ்திரேலியாவின் முதற் குடிகள் இரு பெரும் பிரிவினர். பெருநிலப்பரப்பிலும் அதனை அடுத்த தீவுகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஆதிக்குடிகள் ஒரு பிரிவினர். வடக்கே நியூ கினித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளைச் சேர்ந்தோர் மற்றொரு பிரிவினர். 2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் இவ்விரு பிரிவினரின் மொத்தத் தொகை ஏறத்தாழ 9,83,700 என மதிப்பிடப்பட்டது. இது நாட்டின் மக்கள் தொகையில் 100க்கு 3.8 ஆகும்.

இம்மக்கள் யாவரும் பாலைவனங்களில் வாழ்பவர் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலோர் நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றனர். 100க்கு ஏறத்தாழ 15 பேர் மட்டுமே நெடுந்தொலைவிலுள்ள ஒதுக்கிடங்களில் வாழ்கின்றனர். எனினும் அவ்வாறு வாழ்வோர்க்கு அருகிலுள்ள மருத்துவமனையே சில நூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பது உண்டு.

ஐரோப்பியர் 1788ஆம் ஆண்டு குடியேறிய காலத்தில் இந்நாட்டில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. குழந்தைகள் தாய்மொழியாகக் கற்கும் வலிமையோடு இன்று நிலைத்திருப்பவை ஒரு டசன் அளவேயாம். ஆயினும் அம்மொழிகளைப் பேசுவோரில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோ ஆகும். மருத்துவரின் மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம் ஒன்றே.

2020 முதல் 2022 வரையிலான ஆண்டுகளுக்குக் கணக்கிடப்பட்ட வாழ்நாள் எதிர்பார்ப்பு, பழங்குடி ஆண்களுக்கு 71.9 ஆண்டுகள்; பெண்களுக்கு 75.6 ஆண்டுகள். ஏனைய ஆஸ்திரேலியரோடு ஒப்பிடுமிடத்து ஆண்கள் 8.8 ஆண்டுகளும் பெண்கள் 8.1 ஆண்டுகளும் குறைவாகவே வாழும் நிலையில் உள்ளனர். நிலம் பறிக்கப்பட்டமை, வறுமை, நெருக்கமான குடியிருப்பு, நெடுங்காலப் புறக்கணிப்பு ஆகியவை இவ்வேற்றுமைக்கு வேர்க் காரணங்கள். செய்தி எட்டாமை அக்காரணங்களோடு சேர்ந்து அவற்றின் தீமையை மிகுவிக்கும் மற்றொரு காரணமாகும்.

புரியாமையின் விலை

செய்தி எட்டாமை என்பது ஏடு கிடைக்காமை மட்டும் அன்று. நேருக்கு நேர் அமர்ந்து பேசும்பொழுதுகூடச் செய்தி எட்டாமற் போகலாம். டார்வின் நகரில் இயந்திரத்தின் வாயிலாக இரத்தச் சுத்திகரிப்புப் பெற்றுவந்த யோல்ங்கு இனத்து நோயாளிகளையும் அவர்தம் மருத்துவப் பணியாளரையும் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2002ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிறுநீரக நோய், அதன் காரணம், சிகிச்சையின் பயன் ஆகிய அடிப்படைக் கருத்துக்களில் இரு சாராரும் ஒத்த பொருளை அறிந்துகொள்வது அரிதாகவே இருந்தது என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. இதனினும் கவலைக்குரியது, பொருள் மாறுபட்டதை இரு சாராருமே பெரும்பாலும் உணராமல் இருந்தமையாகும். மருத்துவப் பணியாளர் சொல்லிவிட்டோம் என்று எண்ணினர். நோயாளியர் கேட்டுக்கொண்டோம் என்று எண்ணினர். இடையில் உண்மை வழுவிப்போயிற்று.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தால் இக்குறை ஓரளவு நீங்கும், முழுவதும் நீங்குவதில்லை. உடலுறுப்புக்களின் தொழிலைப் பற்றி இரு சாராருக்கும் பொதுவான அறிவு இல்லாதவிடத்துச் சொற்களை மட்டும் மாற்றிவைப்பது போதாது. ஆதலால் படம், கதை, குரல், செயல்முறை விளக்கம் ஆகியவற்றின் துணை வேண்டப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ருமாட்டிக் இதய நோய்

இதன் முக்கியத்துவத்தை ஒரு நோயினைக் கொண்டு விளக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரில் ‘ஏ’ பிரிவைச் சேர்ந்தது தொண்டைப் புண்ணை உண்டாக்குவது. தோற்புண்களுக்கும் அது காரணமாகும். சில குழந்தைகளின் உடல் இந்நுண்ணுயிரை எதிர்க்கும் முயற்சியில் தன் மூட்டுக்களையும் இதயத்தையுமே தாக்கிவிடுகிறது. இதனை ருமாட்டிக் சுரம் என்பர். 5 வயது முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரையே இது பெரிதும் பற்றுகிறது. இச்சுரம் மீண்டும் மீண்டும் வருமாயின் இதய வால்வுகள் நிலையாகச் சிதைவடையும். அதுவே ருமாட்டிக் இதய நோய்.

செல்வ நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயின் வட ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளிடையே இன்றும் காணப்படுகிறது. இத்தனைக்கும் தடுக்கும் மருந்து புதியதன்று. பென்சத்தீன் பென்சிலின் என்னும் ஊசி மருந்து 1950களின் தொடக்கத்திலிருந்து பயன்பட்டு வருகிறது. ஒரு முறை சுரம் கண்ட குழந்தைக்கு இதனை 28 நாட்களுக்கு ஒரு முறையும், சிலருக்கு 21 நாட்களுக்கு ஒரு முறையும், பல ஆண்டுகள் தொடர்ந்து செலுத்த வேண்டும்.

இங்குதான் அறிவின் பங்கு தெளிவாகிறது. ஊசி நோவு தருவது. குழந்தையோ ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கிறது. நோயற்றதாகத் தோன்றும் குழந்தைக்கு மாதந்தோறும் ஊசி எதற்கு என்ற வினா தாயின் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவ்வினாவுக்கு அவளுக்கு விளங்கும் மொழியில் விடை கிடைக்கவில்லையெனின் ஊசி தவறும்; ஊசி தவறின் சுரம் திரும்பும்; சுரம் திரும்பின் வால்வு சிதையும். பின்னர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து பெருநகரில் இதய அறுவை செய்ய நேரிடும். சிலருக்கு அதற்கும் காலம் கடந்துவிடும். ஒரு சிறு விளக்கம் உரிய நேரத்தில் கிட்டாமையின் விலை இத்துணைப் பெரிது.

இந்நோய் பற்றிய நாடு தழுவிய வழிகாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு இது இணையத்தில் வைக்கப்பட்டது. இதனோடு கைப்பேசியிற் பயன்படும் நோயறி கணிப்பானும், பழங்குடி மொழிகளிலே பேசும் ஒளிப்படங்களும் அமைக்கப்பட்டன. தொலைதூர நிலையத்தில் தனித்துப் பணியாற்றும் செவிலி நூலைக் கொண்டு நோயை அறியவும், தாய் தன் மொழியில் நோயின் கதையைக் கேட்கவும் இவற்றால் வழி பிறந்தது.

இணையத்தில் அமைந்த அறிவுச்சாலை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் 1997ஆம் ஆண்டு ‘ஹெல்த் இன்ஃபோநெட்’ என்னும் இணைய அறிவுச்சாலை தொடங்கப்பெற்றது. பழங்குடியினர் சுகாதாரம் பற்றிய செய்திகளைத் திரட்டி வழங்குவது இதன் பணி. இணையம் பலருக்கும் புதுமையாக இருந்த அக்காலத்திலேயே இதன் பயனை உணர்ந்து தொடங்கியவர் பேராசிரியர் நீல் தாம்சன் என்பார்.

அதற்கு முன்னர்ச் செய்திகள் இல்லாமல் இல்லை. அவை அரசாங்க அறிக்கைகளிலும், மருத்துவ இதழ்களிலும், அச்சேறாத ஆய்வேடுகளிலும் சிதறிக் கிடந்தன. பெருநூலகம் உள்ள நகரத்து அறிஞருக்கே அவை எட்டின. பாலைவன ஓரத்துச் சுகாதாரப் பணியாளருக்கு எட்டவில்லை. இவ்வறிவுச்சாலை அவற்றைத் தேடித் தொகுத்து, தரம் பார்த்து, பொருள்வாரியாகப் பிரித்து, கட்டணமின்றி வழங்கலாயிற்று. பழங்குடியினரின் சுகாதார நிலை பற்றிய பொதுக் கண்ணோட்ட அறிக்கை ஒன்றினை ஆண்டுதோறும் வெளியிடுவது இதன் சிறப்பான பணிகளுள் ஒன்று. ஆராய்ச்சியாளர்க்கு விரிவான அறிக்கையும், களப் பணியாளர்க்கு எளிய நடையில் சுருக்கமும், வகுப்பிற் பயன்படுத்தத் தக்க படங்களும் என ஒரே செய்தி பல வடிவங்களைப் பெறுகிறது. ஆராய்ச்சியைச் செயலுக்குரிய அறிவாக மாற்றித் தருவதே இங்கு நடைபெறும் தொழில் எனலாம்.

நடு ஆஸ்திரேலிய ஊர்ப்புற மருத்துவப் பணியாளர் சங்கத்தின் சிகிச்சைக் கையேடும் இவ்வகையில் குறிப்பிடத் தக்கது. 1992ஆம் ஆண்டு அச்சு நூலாகத் தோன்றிய இக்கையேடு, தொலைதூர நிலையங்களிற் பணிபுரியும் செவிலியரும் பழங்குடிச் சுகாதாரப் பணியாளரும் எளிதில் பயன்படுத்துமாறு எழுதப்பட்டது. பின்னர் இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று. அந்நிலையங்களிற் பணியாளர் அடிக்கடி மாறுகின்றனர். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே முந்தையவர் பின்பற்றிய அதே முறையைப் பின்பற்ற இக்கையேடு துணைபுரிகிறது.

எட்டுதல் என்பதன் பொருள்

ஒரு செய்தி இணையத்தில் வைக்கப்பட்டுவிட்டது என்பதனால் மட்டும் அது மக்களை எட்டிவிட்டது என்று கொள்ளலாகாது. எட்டுதல் என்பதற்கு ஐந்து படிகள் உண்டு.

முதலாவது, கட்டணம் இன்மை. பணம் செலுத்தினாலன்றித் திறவாத இதழ்க் கட்டுரை களப் பணியாளருக்கு இல்லாததற்குச் சமம்.

இரண்டாவது, தொடர்பு வசதி. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்ட இரண்டு செயற்கைக் கோள்களின் வாயிலாக ஆஸ்திரேலியாவின் தொலைதூர இடங்களுக்கு இணையத் தொடர்பு விரிவுபடுத்தப்பட்டது. எனினும் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஏழைக் குடும்பத்திற்குச் சுமையாகவே உள்ளன. 2020ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கங்களும் பழங்குடியினர் அமைப்புக்களின் கூட்டணியும் செய்துகொண்ட தேசிய ஒப்பந்தத்தில், 2026ஆம் ஆண்டுக்குள் பழங்குடியினர்க்கும் பிறர்க்கும் இணையப் பயன்பாடு சமமாக வேண்டும் என்பது ஓர் இலக்காகச் சேர்க்கப்பட்டது. இவ்வசதி சுகாதாரத்தோடு எண்ணப்பட வேண்டிய ஒன்று என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, மொழி. எளிய ஆங்கிலத்திலும் தாய்மொழியிலும், எழுத்தறியாதவரும் கேட்டறியும்படி குரல் வடிவிலும் செய்தி அமைதல் வேண்டும்.

நான்காவது, பண்பாட்டிற்கு இசைதல். இம்மக்களுள் பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் உருவத்தைக் காட்டுவதும் துயர் தரும் செயல்களாகும். ஆதலால் அத்தகைய படங்கள் இருக்குமிடத்து முன்னெச்சரிக்கை தருவது வழக்கமாயிற்று. ஆண்கள் மட்டும் பேசத் தக்கவை, பெண்கள் மட்டும் பேசத் தக்கவை என்ற வரையறையும் மதிக்கப்படுகிறது.

ஐந்தாவது, மக்களின் உரிமை. 1971ஆம் ஆண்டு சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பழங்குடியினர் தாமே நடத்தும் முதல் மருத்துவ நிலையம் தோன்றியது. அதனைப் பின்பற்றி நாடெங்கும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. தம்மைப் பற்றிய புள்ளிவிவரங்கள் தமக்கே கிடைத்தல் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தி முடிவு செய்யும் உரிமையும் தமக்கு வேண்டும் என்பது அம்மக்களின் கோரிக்கை. மேற்கூறிய 2020ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதனை நான்கு முதன்மைச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இணையத்தின் வரம்பு

இணையம் மனிதருக்கு மாற்றாகாது. படத்தைக் காட்டி அருகமர்ந்து விளக்குவதற்கு அவ்வூரைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் வேண்டும். மேலும், நெருக்கமான வீடும் தூய நீரின்மையும் நோய்க்குக் காரணமாயிருக்கும்பொழுது அறிவுரை மட்டும் நோயைத் தடுக்காது. குளிக்க நீரில்லாத வீட்டுத் தாய்க்குத் தூய்மையைப் பற்றிப் பாடம் சொல்வது பயனற்றது மட்டுமன்று, அவளைப் புண்படுத்துவதும் ஆகும்.

நம் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் அட்டவணைப் பழங்குடியினர் 10.43 கோடியர், மக்கள் தொகையில் 100க்கு 8.6 பேர். அரிவாளணு இரத்தசோகையை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்திலுள்ள ஷாடோலில் தொடங்கப்பெற்றது. அந்நோயும் தலைமுறைதோறும் பொறுமையாக விளக்கப்பட வேண்டிய ஒன்றே. ஆதலால் ஆஸ்திரேலிய அனுபவம் நமக்கு அயலானதன்று. கீழ்வரும் நெறிகளை மனத்திற் கொள்வது நலம்:

1. எந்தச் செய்தியையும் மக்களிடம் கொண்டுசெல்லுமுன், அதனை வெளியிட்டவர் யார், எந்த ஆண்டில் வெளியிட்டனர் என்பதை ஆராய்ந்தறிக.

2. தொடர்பு அற்றுப்போகும் ஊருக்குச் செல்லுமுன் வேண்டிய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்க.

3. ‘புரிந்ததா?’ என்று கேட்டு நின்றுவிடற்க. மரியாதைக்காகச் சொல்லப்படும் ‘ஆம்’ புரிந்ததற்குச் சான்றாகாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு அன்புடன் வேண்டுக.

4. ஊரின் மூத்தோரிடம் செய்தியை முன்னரே காட்டி, சொல்லத் தகாதன எவை என்பதைக் கேட்டறிக.

5. மக்கள் கேட்கும் வினாக்களைக் குறித்துவைத்து மேலிடத்திற்கு அறிவிக்க. அடுத்த கையேடு அவ்வினாக்களுக்கு விடை கூறுவதாக அமையும்.

பயிற்சி வினாக்கள்

1. மருந்து கிடைப்பதற்கும் நோய் நீங்குவதற்கும் இடையே அறிவின் பங்கு யாது? ருமாட்டிக் இதய நோயைக் கொண்டு விளக்குக.

2. டார்வின் ஆராய்ச்சியில் பொருள் மாறுபாட்டினும் கவலைக்குரியதாகக் கூறப்பட்டது யாது? ஏன்?

3. ‘எட்டுதல்’ என்பதன் ஐந்து படிகளுள் உங்கள் பகுதியில் மிகவும் குறைவுற்றிருப்பது எது? அதனைச் சீர்செய்ய உங்களால் இயல்வது யாது?

4. உங்கள் பகுதியிற் பரவலாகக் காணப்படும் நோய் ஒன்றினைத் தேர்ந்து, எழுத்தறியாத தாய் ஒருத்திக்கு ஐந்து வாக்கியங்களில் விளக்குமாறு எழுதி, அதனை உரக்கப் படித்துக் கேட்போர் கருத்தை அறிக.