குசினி வேலையைச் சுருக்கும் வழிகள்

“இது தற்காலிக இடந்தானே, இங்கே போய்க் குசினியை ஒழுங்குபடுத்துவதா?” என்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் பல, நலன்புரி நிலையக் கொட்டில்களில் 25 ஆண்டுகளுக்கு மேல் அடுப்பு மூட்டின. எப்போது சொந்தக் காணிக்குத் திரும்புவோம் என்பது எமது கையில் இல்லை. நாளொன்றில் எத்தனை மணி நேரம் குசினியில் கழிகிறது என்பதை நாம் மாற்றலாம்.

குடும்பத்தலைவி வெங்காய நடுகைக்கோ வேறு கூலி வேலைக்கோ போக வேண்டியவராக இருந்தால் இந்த நேரம் மிகவும் பெறுமதியானது. தாய்க்கு நேரம் போதாத வீட்டில் மூத்த பெண் பிள்ளையின் படிப்பே முதலில் குறைகிறது. ஆகவே செலவின்றியும் சிறு செலவிலும் செய்யக்கூடிய சில மாற்றங்களை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. நடையைக் குறைத்தல்

சமையலில் மூன்று இடங்கள் முக்கியமானவை: தண்ணீர், அடுப்பு, காய்கறி வெட்டும் இடம். இவை ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் வேலையின் பெரும்பகுதி நடையாகவே போய்விடும்.

ஓர் உதாரணம். தண்ணீர் வாளி அடுப்பிலிருந்து 20 அடி தூரத்தில் இருக்கிறது. ஒரு சமையலுக்கு 15 தடவை போய் வந்தால் 600 அடி. மூன்று நேரத்துக்கும் 1,800 அடி. ஒரு மாதத்தில் இது ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஆகும். மூடியுள்ள குடமொன்றை அடுப்பிலிருந்து 4 அடியில் வைத்தால் அதே நடை மாதத்துக்கு 3 கிலோமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும்.

நாளாந்தம் எடுக்கும் உப்பு, மிளகாய்த்தூள், அகப்பை, சுளகு ஆகியன கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பனஞ்சலாகையில் ஒரு தட்டும், கப்பில் நாலு ஆணியும், ஓர் உறியும் போதும். வேறிடம் போக நேர்ந்தால் இவற்றைக் கழற்றிக் கொண்டு போகலாம். அரிதாகப் பாவிக்கும் பெரிய சட்டி பானைகளை மூலையில் வையுங்கள்.

2. குனிவதைக் குறைத்தல்

நின்று வேலை செய்பவர் முழங்கையை மடித்துப் பிடிக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து நான்கு விரல் பதிவாக வெட்டும் பலகை அமைந்தால் முதுகு நோகாது. அடுப்பையும் கல், உடைந்த செங்கல், களிமண் கொண்டு மேடைமேல் ஏற்றலாம். பானையை வைத்த பின் அதன் வாய் முழங்கைக்கு மேலே போகக் கூடாது. மேடை அடுப்பினால் தவழும் குழந்தைக்கும் பாதுகாப்பு உண்டு. இருந்து வேலை செய்யப் பழகியவர்கள் ஓர் உயரமான பலகையில் இருந்து செய்யலாம்.

3. விறகைக் குறைத்தல்

2022ஆம் ஆண்டில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது பட்டணத்து வீடுகள் பலவும் விறகுக்குத் திரும்பின. எமக்கு விறகு புதியதல்ல. ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி பானையைச் சேராமல் வெளியே போய்விடுகிறது.

1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட அனகி அடுப்பு இதற்கு நல்ல தீர்வு. இது ஒரே துண்டாகச் செய்து சுட்ட மண் அடுப்பு. முன் வாயில் சோறு வேகும்போது, அதே நெருப்பின் சூடு பின் வாயில் பருப்பை வேக வைக்கும். சுற்றிவரக் களிமண் பூசினால் சூடு தங்கும், அடுப்பும் நீண்ட காலம் உழைக்கும். கிடைக்காதவர்கள் மூன்று கல்லைச் சுற்றி, விறகு வைக்கவும் காற்றுப் புகவும் வாய் விட்டு, மண் அணைத்தாலும் பயன் உண்டு.

வேறு சில வழிகள்:

• ஈர விறகின் சூடு அதன் ஈரத்தை உலர்த்தவே போய்விடும். விறகை மெல்லியதாகப் பிளந்து, மழைக்கு முன்பே அடுக்கி வையுங்கள். பனை மட்டை, ஊமல், சிரட்டை ஆகியவற்றையும் நனையாமல் சேமியுங்கள்.
• பானையை எப்போதும் மூடிச் சமையுங்கள்.
• பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறப் போடுங்கள்.
• வெட்டுவது, தேங்காய் துருவுவது, பால் பிழிவது எல்லாவற்றையும் முடித்த பின்பே அடுப்பை மூட்டுங்கள்.

4. வைக்கோல் கடகம்

பனையோலைக் கடகமொன்றில் காய்ந்த வைக்கோலை அடியிலும் சுற்றிவரவும் நான்கு அங்குலத் தடிப்பில் அழுத்தி, நடுவே பானைக்குக் குழி விடுங்கள். ஊறவைத்த அரிசியை, வற்றும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மூடியபடி ஐந்து நிமிடம் நன்கு கொதிக்க விடுங்கள். பின்பு பானையின் அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, கடகத்தில் வைத்து, வைக்கோல் நிரப்பிய சாக்கினால் மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு தானாக வெந்துவிடும். அந்நேரத்தில் அடுப்பு கறிக்கு உதவும்.

பானை நிறைவாக இருந்தால்தான் சூடு தங்கும். மீன், இறைச்சியை இம்முறையில் சமைக்க வேண்டாம். சோற்றைச் சூடு ஆறுமுன் உண்ண வேண்டும்.

5. புகையும் நெருப்பும்

புகை கண்ணை எரிப்பதோடு நிற்பதில்லை. சிறு பிள்ளைகளின் சுவாச நோய்களுக்கும், நெடுங்காலம் புகையில் சமைக்கும் பெண்களின் நுரையீரல் நோய்க்கும் அது காரணமாகிறது. கூரைக்கும் சுவருக்கும் இடையே புகை போக இடைவெளி விடுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் வைத்திருக்க வேண்டாம்.

கிடுகும் தறப்பாளும் நொடியில் பற்றும். சோழகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் தென்மேற்குப் பக்கத்தில் மூன்றடி மண்சுவர் ஒன்று எழுப்பினால் பொறி பறக்காது, விறகும் வீணாகாது. அடுப்புக்கு மேலே கூரையின் கீழ் ஒரு தகரம் கட்டுங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுப்படியில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணல் எப்போதும் இருக்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றுங்கள். அடுத்த வாரம் தட்டும் மேடையும் அமைக்கலாம். மண் குழைப்பதும் கல் அடுக்குவதும் விறகு பிளப்பதும் ஆண்களும் செய்ய வேண்டிய வேலைகள். மிஞ்சும் நேரம் தாயின் ஓய்வுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போகட்டும்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. உங்கள் வீட்டில் ஒரு நாள் சமையலுக்கு எத்தனை மணி நேரம் செல்கிறது? யார் யார் அதில் ஈடுபடுகிறார்கள்?
2. அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை அடி?
3. ஒரு வாரத்துக்கு எத்தனை கட்டு விறகு செல்கிறது? மாற்றங்கள் செய்து ஒரு மாதத்தின் பின் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.