எதில் இத்தனை?

அன்புத் தங்கைக்கு,

2024 மக்களவைத் தேர்தல் முடிவுகளை வைத்து நீ தயாரித்த பக்கங்களைப் படித்தேன். எண்கள் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையிலிருந்தே வந்திருக்கின்றன, கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. ஆனால் முதல் பக்கத் தலைப்பு எனக்கு ஒப்பவில்லை. "0.8 சதவீத ஓட்டு குறைந்தது, 63 இடங்கள் பறிபோயின" என்று போட்டிருக்கிறாய்.

பாஜக 2019இல் 37.36 சதவீதம் வாங்கி 303 இடங்களில் வென்றது, 2024இல் 36.56 சதவீதம், 240 இடங்கள். இரண்டும் சரி. ஆனால் இந்தத் தலைப்பைப் படிப்பவர், நூற்றுக்கு ஒருவர்கூட மனம் மாறவில்லை, அப்படியும் 63 இடம் போய்விட்டதே, ஏதோ மாயம் நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். நடந்தது வேறு. உத்தரப் பிரதேசத்தில் அந்தக் கட்சியின் ஓட்டு 50 சதவீதத்திலிருந்து 41க்கு இறங்கியது. இடங்கள் 62லிருந்து 33. ஹரியானாவில் 58லிருந்து 46. இடங்கள் 10லிருந்து 5. ராஜஸ்தானில் 24 இடம் 14 ஆயிற்று. அதே சமயம் ஒடிசாவில் ஓட்டு 38லிருந்து 45க்கு ஏறி, 8 இடம் 20 ஆனது. தமிழ்நாட்டில் 3.66 சதவீதம் 11.24 ஆகியும் ஓர் இடமும் கிடைக்கவில்லை. போன முறை இங்கே 5 தொகுதிகளில் நின்ற கட்சி, இந்த முறை 23இல் நின்றது. ஓரிடத்தில் பெரிய இறக்கம், இன்னோரிடத்தில் பெரிய ஏற்றம், இரண்டும் கழிந்து மிஞ்சியதுதான் அந்த 0.8. பாஜக நாடு முழுக்க வாங்கிய மொத்த ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால், 22.9 கோடியிலிருந்து ஏறத்தாழ 23.6 கோடியாக உயர்ந்தே இருக்கிறது! அதைத் தலைப்பாகப் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு ஆட்கள் உன் மேல் பாய்ந்திருப்பார்கள். அதுவும் உண்மையான எண்தான்.

ஆகவே ஒரு சதவீதத்தை எழுதும்போதெல்லாம் "எதில் இத்தனை?" என்று கேட்டுக்கொள். கீழே நிற்கும் எண் தெரியாமல் மேலே நிற்கும் எண்ணை நம்பாதே. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

காங்கிரஸை எடுத்துக்கொள். 2019இல் 19.49 சதவீதம், 52 இடங்கள், 2024இல் 21.19 சதவீதம், 99 இடங்கள். ஒன்றே முக்கால் சதவீதத்துக்கும் குறைவான ஏற்றத்துக்கு இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பு. உன் இரண்டாம் பக்கம் இதை "அதிர்ஷ்டம்" என்கிறது. கட்சி எத்தனை தொகுதிகளில் நின்றது என்ற பத்தியையும் அட்டவணையில் சேர்த்துப் பார். 2019இல் 421, 2024இல் 328. மொத்த ஓட்டு 11.95 கோடியிலிருந்து 13.67 கோடியானது. நின்ற தொகுதிகளால் வகுத்தால், தொகுதிக்குச் சராசரி 2.84 லட்சமாக இருந்தது 4.17 லட்சமாகிறது. தோற்கப்போகும் இடங்களைக் கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்; நின்ற இடங்களில் கூட்டாளிகளின் ஓட்டும் வந்து சேர்ந்தது. இதில் அதிர்ஷ்டத்தைவிடத் தொகுதிப் பங்கீட்டின் பங்குதான் பெரியது.

பழைய தேர்தல்களையும் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். 1999இல் காங்கிரஸ் 28.3 சதவீதம் வாங்கி 114 இடங்களில் சுருண்டது. 2009இல் 28.55 சதவீதம் வாங்கி 206 இடங்களுக்குப் போயிற்று. இரண்டு தேர்தலுக்கும் நடுவே ஓட்டில் கால் சதவீதம்தான் வித்தியாசம், இடங்களில் 92. 1999இல் பாஜக வாங்கியது 23.75 சதவீதம், காங்கிரஸைவிட நாலரை சதவீதம் குறைவு, இடங்களோ 182. அது 339 தொகுதிகளில் மட்டும் நின்று மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது.

இதன் சூட்சுமம் ஆந்திரத்தில் பளிச்சென்று தெரியும். பிரிக்கப்படாத ஆந்திரத்துக்கு அப்போது 42 தொகுதிகள். 1999இல் காங்கிரஸுக்குச் சுமார் 43 சதவீத ஓட்டு, 5 இடங்கள். எதிரே தெலுங்கு தேசமும் பாஜகவும் ஒன்றாக நின்றன. 2009இல் ஓட்டு சுமார் 39 சதவீதமாகக் குறைந்தது, இடங்கள் 33 ஆகக் கூடின. சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் புதிதாகக் களத்துக்கு வந்து எதிர்ப்பு ஓட்டைப் பங்குபோட்டிருந்தது. காங்கிரஸின் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு இது தலைகீழ்க் கணக்கு. எதிர்வரிசை எப்படிக் கிடந்தது என்று பார்ப்பவருக்கு இதில் வியப்பே இல்லை.

இதை அளக்க ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. டேவிட் பட்லர், அசோக் லாஹிரி, பிரணாய் ராய் மூவரும் இந்தியத் தேர்தல்களுக்காகப் பயன்படுத்திய எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு. எதிர்த்தரப்பு ஓட்டு மொத்தத்தில் பெரிய எதிர்க்கட்சியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது, அவ்வளவுதான். நம் மாநிலத்தில் போட்டுப் பார். திமுக கூட்டணி 2019இல் சுமார் 53 சதவீதம் வாங்கி 38 இடங்களில் வென்றது. 2024இல் சுமார் 47 சதவீதம், 39க்கு 39. ஆறு சதவீதம் போயும் ஓர் இடம் கூடியது. 2019இல் எதிர்த்தரப்பு 47. அதில் அதிமுக அணி 30 சொச்சம், குறியீடு 65 அளவில். 2024இல் எதிர்த்தரப்பு 53. அதில் அதிமுக அணி 23, பாஜக அணி 18, நாம் தமிழர் 8. குறியீடு 43 அளவுக்கு விழுந்துவிட்டது. 2014இல் இதே ஏற்பாடு வேறு பக்கம் சாய்ந்ததை மறந்துவிடாதே. ஜெயலலிதா தனியாக நின்று சுமார் 44 சதவீதத்தில் 37 இடங்களை வாரினார், 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்குப் பூஜ்யம். அதே தேர்தலில் நாட்டிலேயே மூன்றாவது அதிக ஓட்டு வாங்கிய பகுஜன் சமாஜுக்கும் பூஜ்யம்தான்.

இங்கே ஒரு சபலம் வரும், ஜாக்கிரதை. 23ஐயும் 18ஐயும் கூட்டி, "இருவரும் சேர்ந்திருந்தால் இத்தனை தொகுதி கைமாறியிருக்கும்" என்று எக்செல்லில் ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம். தேர்தல் முடிந்த வாரத்தில் எல்லாரும் எழுதினார்கள். ஆனால் இரட்டை இலைக்குப் போட்டவர் அத்தனை பேரும் தாமரைக்கும் போட்டிருப்பார்களா? கூட்டணி அமைந்திருந்தால் சிறுபான்மையினர் ஓட்டு எந்தப் பக்கம் போயிருக்கும்? முடிவுப் பட்டியலில் இதற்குப் பதில் கிடையாது. எழுதத்தான் வேண்டும் என்றால், "அத்தனை ஓட்டும் சிந்தாமல் மாறியிருந்தால்" என்ற நிபந்தனையைத் தலைப்பிலேயே வை. அடிக்குறிப்பில் போட்டு ஒளிக்காதே.

இதே வகைதான் உன் நாலாம் பக்கம்: "பெண்கள் யாருக்குப் போட்டார்கள்?" எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதற்கு ஆணையத்தில் கணக்கு உண்டு, 2024இல் பெண்கள் 65.78 சதவீதம், ஆண்கள் 65.55. யாருக்குப் போட்டார்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. பெண்கள் அதிகம் வந்த தொகுதிகளில் ஒரு கட்சி நன்றாகச் செய்திருந்தால், பெண்கள் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று பொருளில்லை. அதே தொகுதியின் ஆண்கள் போட்டிருக்கலாம். சாதிக்கும் இதே விதிதான். அதற்கு லோக்நீதி நடத்துவது மாதிரியான, வாக்காளரிடம் நேரில் கேட்கும் ஆய்வுதான் வழி. அதற்கும் பிழை வரம்பு உண்டு. அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

வித்தியாசங்களைப் பற்றிய அட்டவணை நன்றாக வந்திருக்கிறது, ஒரு குறை தவிர. லட்சத்தீவில் 2,647 ஓட்டு வித்தியாசத்தை விருதுநகரின் 4,379க்கு மேலே, "அதைவிட இழுபறி" என்று வைத்திருக்கிறாய். லட்சத்தீவில் ஓட்டுப் போட்டவர்களே ஐம்பதாயிரத்துக்குள்தான். 2,647 என்பது அங்கே 5 சதவீதத்துக்கு மேல். விருதுநகரில் பத்து லட்சத்துக்கு மேல் பதிவானது; 4,379 அரை சதவீதம்கூட இல்லை. மும்பை வடமேற்கின் 48 ஓட்டு மட்டும் எப்படிப் பார்த்தாலும் இழுபறிதான். வரைபடத்துக்கும் இதைச் சொல்வேன். இரண்டு லட்சம் வாக்காளர்கூட இல்லாத லடாக் உன் படத்தில் கண்ணை விழுங்குகிறது. 37 லட்சம் வாக்காளர் உள்ள மல்காஜ்கிரியைத் தேட வேண்டியிருக்கிறது. தொகுதிக்கு ஒரு கட்டம் என்று வரைந்துவிடு.

அசாமை 2019உடன் ஒப்பிட்டிருக்கிறாய். அங்கே 2023இல் எல்லைகள் திருத்தப்பட்டன. ஜம்மு காஷ்மீரில் 2022இல். பெயர் பழையது, ஊர்கள் வேறு. 2004ஐயும் 2009ஐயும் தொகுதிவாரியாக ஒப்பிடுகிறவர்களும் இதே குழியில் விழுவார்கள், பெரும்பாலான மாநிலங்களில் 2008 மறுவரையறை நடுவில் வந்துவிட்டது.

வரிசையிலிருந்து எகிறி நிற்கும் எண் கண்ணில் பட்டால் வரைபடம் போடாதே, போன் போடு. இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு. உன் பக்கம் அதை "மக்களின் விரக்தி" என்கிறது. அங்கே காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார், கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. அந்தத் தொகுதியில் இரண்டாம் இடம் உண்மையில் நோட்டாவுக்குத்தான். ஆனால் 11,75,092 என்ற வித்தியாசம் பகுஜன் சமாஜ் வேட்பாளரை வைத்துக் கணக்கிட்டது. சூரத்தில் போட்டியே இல்லை. பாஜக வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானதால் ஓட்டுப் பதிவு நடந்தது 542 தொகுதிகளில்தான். 2019இல் அங்கே பாஜக ஏறத்தாழ 8 லட்சம் ஓட்டு வாங்கியிருந்தது. குஜராத்தில் அந்தக் கட்சியின் மொத்த ஓட்டு ஏன் குறைகிறது என்று ஆராய்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கருத்துக் கணிப்பைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஓட்டுச் சதவீதத்தைக் கணிப்பது ஒரு வேலை, அதை இடங்களாக மாற்றுவது அதைவிடக் கடினமான வேறு வேலை. 2024இல் பல எக்ஸிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன; வந்தது 293. மேலே சொன்ன ஆந்திரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் இதற்காக யாரையும் கேலி செய்யமாட்டார்.

பூத்வாரிக் கணக்கு தரும் படிவம் 20ஐப் பற்றிக் கடைசியாக ஒன்று. நம் வேலையில் அதுதான் பொக்கிஷம், அதுதான் ஆபத்தும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. இயந்திரத்தில் அது இல்லை. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று எண் சொல்லிவிடுகிறது. ஒரு காலனி மட்டும் வரும் பூத்தைப் பெயரோடு அச்சில் போட்டால், நாளை அந்தக் காலனிக்குத் தண்ணீர் வராமல் போகலாம். கட்சிக்காரர்கள் எப்படியும் பார்ப்பார்கள் என்று உன் ஆசிரியர் வாதிடுவார். பார்க்கட்டும். நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பூத்துகளைச் சட்டமன்றத் தொகுதி அளவில் சேர்த்து மட்டும் வெளியிடு.

அடுத்த வேலையை நாடு முழுக்க விரிக்காதே. ஒரே ஒரு தொகுதி போதும், விருதுநகரை எடுத்துக்கொள். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் 3,85,256, தேமுதிகவின் விஜயபிரபாகரன் 3,80,877, பாஜகவின் ராதிகா சரத்குமார் 1.66 லட்சம். திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ராதிகா அதிகம் வாங்கிய பகுதிகளில் தேமுதிகவின் முரசு 2019இன் அதே இடத்திலிருந்து எவ்வளவு இறங்கியது, காங்கிரஸின் கை எவ்வளவு இறங்கியது என்று ஆறுக்கும் தனித்தனியே போடு. இரண்டு தேர்தலுக்கும் எல்லை ஒன்றேதான், ஒப்பிடலாம். படிவங்கள் ஸ்கேன் செய்த படங்களாகத்தான் கிடைக்கும், கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே செய்.

அன்புடன்,
அண்ணன்